இம்போர்ட் எழுதினால் 'ரிக்வயர் கூடாது' என்று ஏன் திட்டுகிறது? ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல் பிழைகளின் பின்னணி

பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்டின் பழைய வெர்ஷனில் ஒரு டைப்ஸ்கிரிப்ட் (ஜாவாஸ்கிரிப்டாக மாற்றப்பட்டு ஓடும் மொழி) ப்ராஜெக்ட். எல்லாக் கோப்புகளிலும் இம்போர்ட் வரிகள்தான். இம்போர்ட்டும் ரிக்வயரும் வேறொரு கோப்பை (மாட்யூலை) இழுத்து வரும் இரண்டு வழிகள். ரிக்வயர் என்ற சொல்லைத் தேடினால் ஓர் இடத்தில்கூடக் கிடைக்காது. டெர்மினலில் எழுத்துகளுக்கு நிறம் கொடுக்கும் 'சாக்' என்ற சின்னப் பேக்கேஜை 4ஆம் வெர்ஷனிலிருந்து 5க்கு ஏற்றுகிறோம். அவ்வளவுதான், நோட் நின்றுவிடுகிறது. ஈஎஸ் மாட்யூலை ரிக்வயர் மூலம் ஏற்ற முடியாது, இம்போர்ட்டுக்கு மாறுங்கள் என்கிறது பிழைச்செய்தி. மாறுவதற்கு என்ன இருக்கிறது? எழுதியிருப்பதே இம்போர்ட்தானே!

இந்த இடத்தில் பலரும் செய்வது, தேடிக் கிடைத்த விடைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது. ப்ராஜெக்டின் விவரக் கோப்பான பேக்கேஜ்.ஜேசனில் ஒரு வரி சேர்ப்பார்கள். வேறு இரண்டு பிழைகள் முளைக்கும். அவற்றைச் சரிசெய்தால் டெஸ்ட் ஓடாது. இப்படிக் குருட்டாம்போக்கில் செட்டிங்கைத் திருகுவதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். ஏற்றப்படும் கோப்பை நோட் எந்த வகையாகப் பார்க்கிறது? அதை ஏற்றும் வரி, ஓடும் நேரத்தில் உண்மையில் என்னவாக இருக்கிறது? மாட்யூல் பிழைகளில் ஏறக்குறைய எல்லாமே இந்த இரண்டில் ஒன்றை நாம் தப்பாக ஊகித்ததால் வருபவை.

## ஒரே உறையில் இரண்டு கத்தி

1995இல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கியபோது அதில் மாட்யூல் என்ற ஏற்பாடே கிடையாது. ஒரு பக்கத்தில் நான்கு ஸ்கிரிப்ட் கோப்புகளைச் சேர்த்தால் நான்கும் ஒரே பொதுவெளியில் கொட்டப்படும். ஒன்றின் மாறி இன்னொன்றின் மாறியை மிதிக்கும். பிரவுசருக்குள் சின்னச் சின்ன வேலைகள் மட்டும் நடந்தவரை அது சமாளிக்கக்கூடியதாக இருந்தது.

2009இல் சர்வர் பக்கம் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் முயற்சிகள் சூடுபிடித்தன. கெவின் டாங்கூர் தொடங்கிய காமன்ஜேஎஸ் முயற்சி, கோப்புகளைப் பிரித்து வைத்து ஒன்றையொன்று அழைக்க ஒரு வழக்கத்தை வகுத்தது. அதே ஆண்டு ரயன் டால் வெளியிட்ட நோட், அந்த வழக்கத்தையே தனதாக்கிக்கொண்டது. ரிக்வயர், எக்ஸ்போர்ட்ஸ் என்ற இரண்டு சொற்களும் அங்கிருந்து வந்தவை; மாட்யூல்.எக்ஸ்போர்ட்ஸ் நோட் தானாகச் சேர்த்துக்கொண்டது. பின்னாலேயே வந்த பேக்கேஜ் கிடங்கான என்பிஎம்மில் குவிந்த பேக்கேஜுகள் எல்லாம் இந்த முறையில்தான் எழுதப்பட்டன.

மொழியின் அதிகாரபூர்வ வரையறைக்குள் மாட்யூல் வந்தது 2015 ஜூனில்தான். இம்போர்ட், எக்ஸ்போர்ட் என்ற சொற்களோடு வந்த இதைத்தான் ஈஎஸ் மாட்யூல் என்கிறோம். வரையறை வந்தாலும் ஓட்ட ஆளில்லை. சஃபாரியும் குரோமும் 2017இல்தான் ஏற்றன, ஃபயர்ஃபாக்ஸ் 2018இல். நோட்டில் 2017இல் சோதனை முயற்சியாகத் தொடங்கி, தனியாக ஃப்ளாக் (ஓட்டும் கட்டளையோடு சேர்க்கும் அனுமதிக் குறிப்பு) கொடுக்காமலே ஓடும் நிலை 2019 நவம்பரில் 13.2லும், நீண்டகால ஆதரவுள்ள 12ஆம் வரிசையில் 2020 மேயிலும் வந்தது.

இடைப்பட்ட அந்த ஐந்து ஆண்டுகளில் எல்லோரும் இம்போர்ட் எழுதப் பழகிவிட்டார்கள். ஆனால் பேபலோ டைப்ஸ்கிரிப்டோ அதை ரிக்வயராக மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தது. எழுத்தில் புது முறை, ஓட்டத்தில் பழைய முறை. இன்றைய குழப்பத்தில் பாதிக்குமேல் இந்த வேடத்தின் மிச்சம்தான்.

## கையோடு கொடுப்பதும் வரிசையில் வருவதும்

இரண்டும் ஒரே வேலையை இரண்டு சொற்களில் செய்வதாகத் தோன்றும். உள்ளே வேறுபாடு பெரியது.

ரிக்வயர் ஒரு சாதாரண ஃபங்ஷன். அந்த வரியை அடைந்ததும் நோட் கோப்பைத் திறந்து, ஓட்டி, கிடைத்ததைக் கையோடு திருப்பிக் கொடுக்கும். அது முடியும்வரை அடுத்த வரிக்குப் போகாது. இஃப் நிபந்தனைக்குள் ரிக்வயர் எழுதலாம். கோப்பின் பெயரைக்கூட அப்போதுதான் ஒட்டி உருவாக்கலாம்.

ஈஎஸ் மாட்யூலில் முதலில் எல்லாக் கோப்புகளின் இம்போர்ட் வரிகளும் படிக்கப்படும், அடுத்து யார் யாருக்கு என்ன தருகிறார் என்ற இணைப்புகள் போடப்படும், அப்புறம்தான் கோடு ஓடும். வேண்டிய கோப்பு நெட்வொர்க்கின் மறுமுனையில் இருக்கும் பிரவுசருக்கு இந்த ஏற்பாடு தேவை. ஒரு வேலை முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் அவெய்ட்டை, ஃபங்ஷனுக்குள் இல்லாமல் மேல்மட்டத்திலேயே எழுதலாம் என்ற வசதியும் இதில் உண்டு. அப்படி எழுதிய ஒரு மாட்யூலைக் கையோடு கொடு என்று ரிக்வயர் கேட்டால், கொடுக்க வழியே இல்லை. ஈஎஸ் மாட்யூலை ரிக்வயர் செய்யக் கூடாது என்று நோட் பல ஆண்டுகள் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு வேறுபாடும் பிழைகளை விளக்கும். காமன்ஜேஎஸ் கோப்பை ஓட்டுமுன் நோட் அதை ஒரு ஃபங்ஷனுக்குள் பொதிந்துவிடுகிறது. அந்த ஃபங்ஷனுக்கு ஐந்து பாராமீட்டர்கள்: எக்ஸ்போர்ட்ஸ், ரிக்வயர், மாட்யூல், முன்னால் இரண்டு அடிக்கோடு போட்ட ஃபைல்நேம், டிர்நேம். நாம் உலகப் பொதுச்சொத்து என்று நினைத்தவை உண்மையில் இந்த ஃபங்ஷனின் பாராமீட்டர்கள். ஈஎஸ் மாட்யூலை நோட் பொதிவதில்லை. ஆகவே அங்கே இந்த ஐந்தும் இருக்காது. 'ரிக்வயர் வரையறுக்கப்படவில்லை', 'டிர்நேம் வரையறுக்கப்படவில்லை' என்ற பிழைகள் வேறெங்கிருந்தும் வரவில்லை.

## இந்தக் கோப்பு என்ன வகை?

உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்து நோட் முடிவு செய்யும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் கோப்பின் பெயரும் அது இருக்கும் இடமும்தான் முதலில் பேசுகின்றன.

1. கோப்பின் பெயர் .எம்ஜேஎஸ் என்று முடிந்தால் அது எப்போதும் ஈஎஸ் மாட்யூல். .சிஜேஎஸ் என்று முடிந்தால் எப்போதும் காமன்ஜேஎஸ். இதற்கு மேல் பேச்சில்லை.

2. வெறும் .ஜேஎஸ் என்றால், அந்த ஃபோல்டரிலிருந்து மேல்நோக்கிப் போய், முதலில் எதிர்ப்படும் பேக்கேஜ்.ஜேசனில் உள்ள 'டைப்' ஃபீல்டைப் பார்க்கும். அதில் 'மாட்யூல்' என்றிருந்தால் ஈஎஸ், 'காமன்ஜேஎஸ்' என்றிருந்தால் காமன்ஜேஎஸ்.

3. டைப் ஃபீல்டே இல்லையென்றால் பழைய நோட்டில் அது காமன்ஜேஎஸ்தான். 'மாட்யூலுக்கு வெளியே இம்போர்ட் வரியைப் பயன்படுத்த முடியாது' என்ற புகழ்பெற்ற பிழை இங்கேதான் பிறக்கிறது. 22.7, 20.19 ஆகியவற்றிலிருந்து நோட் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது: காமன்ஜேஎஸாகப் படித்துப் பார்த்து, இம்போர்ட் போன்ற சொற்களால் தடுக்கினால், ஈஎஸ் மாட்யூலாக இன்னொரு முறை படிக்கும். இரண்டு முறை படிப்பது நேர விரயம், அதனால் எச்சரிக்கையும் கொடுக்கும். டைப் ஃபீல்டை வெளிப்படையாக எழுதிவிடுவதே நல்லது.

இரண்டாவது விதியில் 'முதலில் எதிர்ப்படும்' என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். உங்கள் ப்ராஜெக்டின் பேக்கேஜ்.ஜேசனில் டைப்பை மாற்றினால், நோட்மாட்யூல்ஸ் ஃபோல்டருக்குள் கிடக்கும் பேக்கேஜுகள் ஒன்றும் மாறாது. அவை ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு பேக்கேஜ்.ஜேசன் உண்டு. மாறாக, உங்கள் ப்ராஜெக்டில் இருக்கும் அத்தனை .ஜேஎஸ் கோப்புகளும் ஒரே இரவில் வகை மாறும். ஈஎஸ்லின்ட், ஜெஸ்ட், வெப்பேக் ஆகிய கருவிகளின் கான்ஃபிக் கோப்புகள் மாட்யூல்.எக்ஸ்போர்ட்ஸ் என்று எழுதப்பட்டிருந்தால் அவையும் சேர்ந்து விழும். ஒரு வரி சேர்த்ததும் புதுப் பிழைகள் முளைப்பதன் ரகசியம் இது. கான்ஃபிக் கோப்புகளின் பெயரை .சிஜேஎஸ் என்று மாற்றினால் அவை பிழைத்துக்கொள்ளும்.

## எழுதுவது ஒன்று, ஓடுவது ஒன்று

இனி முதலில் சொன்ன புதிருக்கு வரலாம். டைப்ஸ்கிரிப்ட் கான்ஃபிக்கில் 'மாட்யூல்' என்ற ஆப்ஷன் உண்டு. பல ஆண்டுகளாக டைப்ஸ்கிரிப்ட் தானே உருவாக்கித் தந்த கான்ஃபிக் கோப்பில் அதன் மதிப்பு காமன்ஜேஎஸ். அந்த நிலையில் நீங்கள் எழுதிய ஒவ்வொரு இம்போர்ட் வரியும் கம்பைல் ஆகும்போது (ஜாவாஸ்கிரிப்டாக மாறும்போது) ரிக்வயர் ஆகிறது. டிஸ்ட் ஃபோல்டரைத் திறந்து வெளிவந்த .ஜேஎஸ் கோப்பைப் பார்த்தால் அங்கே ரிக்வயர் உட்கார்ந்திருக்கும். நோட் அதைத்தான் பார்க்கிறது, அதைத்தான் திட்டுகிறது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

சாக் 5, 2021இல் ஈஎஸ் மாட்யூலாக மட்டுமே வெளிவந்தது. நெட்வொர்க்கிலிருந்து தரவை எடுக்கும் நோட்-ஃபெட்ச் பேக்கேஜின் 3ஆம் வெர்ஷனும் அதே ஆண்டு, அதே வழி. 4ஆம் வெர்ஷன் சாக் காமன்ஜேஎஸ் என்பதால் அதுவரை வேடம் கலையவில்லை.

சரி, இம்போர்ட்டை ஃபங்ஷன் போல அழைக்கும் டைனமிக் இம்போர்ட் காமன்ஜேஎஸுக்குள்ளும் செல்லுமே, அதைப் போடலாம் என்று அடுத்த யோசனை வரும். யோசனை சரிதான். ஆனால் கான்ஃபிக் காமன்ஜேஎஸ் என்றே இருந்தால் டைப்ஸ்கிரிப்ட் அந்த டைனமிக் இம்போர்ட்டையும் விட்டுவைக்காமல், ப்ராமிஸுக்குள் பொதிந்த ரிக்வயராக மாற்றிவிடும். அதே பிழை, அதே இடம். சொன்ன வைத்தியம் எல்லாம் செய்தும் தீரவில்லை என்று பலர் கைவிடும் கட்டம் இது.

இதற்கு மருந்து, மாட்யூல் ஆப்ஷனை 'நோட்16' அல்லது 'நோட்நெக்ஸ்ட்' ஆக்குவது. 2022 மேயில் டைப்ஸ்கிரிப்ட் 4.7இல் இவை நிலைபெற்றன. அப்புறம் டைப்ஸ்கிரிப்டும் நோட்டைப் போலவே கோப்புப் பெயரையும் டைப் ஃபீல்டையும் பார்த்து, எதை ரிக்வயராக்குவது, எதை அப்படியே விடுவது என்று முடிவெடுக்கும். டைனமிக் இம்போர்ட்டைத் தொடாது. பதிலுக்கு ஒரு விலை உண்டு. ஈஎஸ் மாட்யூலில் நம் சொந்தக் கோப்புகளை இம்போர்ட் செய்யும்போது பின்னொட்டைக் கட்டாயம் எழுத வேண்டும், அதுவும் .டிஎஸ் என்று அல்ல, கம்பைல் ஆன பிறகு இருக்கப்போகும் .ஜேஎஸ் என்று. இல்லாத கோப்பின் பெயரை எழுதுவது முதலில் உறுத்தத்தான் செய்யும். டைப்ஸ்கிரிப்ட் இயல்பு நிலையில் நாம் எழுதும் பாதையை மாற்றாமல் அப்படியே வெளியே தள்ளுகிறது என்பதை நினைத்தால் தர்க்கம் புரியும்.

வீட், வெப்பேக் போன்ற பண்ட்லர்கள் (பல கோப்புகளைச் சேர்த்துக் கட்டித் தரும் கருவிகள்) இரண்டு முறைகளையும் கலந்தே விழுங்கி, ஒரே வகையாக மாற்றித் தருபவை. பிரவுசரில் ஓடிய அதே கோடு டெஸ்டில் விழுவது அதனால்தான். டெஸ்ட் ஓட்டும் கருவியான ஜெஸ்ட்டுக்கு, மாட்யூல்களை ஏற்றச் சொந்தமாக ஓர் ஏற்பாடு இருக்கிறது. கோப்புகளை அது காமன்ஜேஎஸாக மாற்றி ஓட்டுகிறது, ஆனால் இயல்பு நிலையில் நோட்மாட்யூல்ஸ் ஃபோல்டருக்குள் இருப்பதை மாற்றாது. அங்கே ஈஎஸ் பேக்கேஜ் ஒன்று இருந்தால் முதல் எக்ஸ்போர்ட் வரியிலேயே தடுக்கி விழும். 'டிரான்ஸ்ஃபார்ம் இக்னோர் பேட்டர்ன்ஸ்' என்ற ஆப்ஷனில் அந்தப் பேக்கேஜுக்கு விலக்கு கொடுக்கலாம். புதிதாகத் தொடங்கும் ப்ராஜெக்ட் என்றால் வீடெஸ்ட் என்ற டெஸ்ட் கருவியை எடுத்துக்கொள்வது தலைவலி குறைவு என்பது என் கருத்து.

## பிழைச்செய்தி உண்மையில் சொல்வது

1. 'ஈஎஸ் மாட்யூலை ரிக்வயர் செய்ய முடியாது.' ஓடும் வரி ரிக்வயர், எதிர்ப்பக்கம் ஈஎஸ். கம்பைல் ஆன கோப்பைத் திறந்து பாருங்கள். எந்தப் பேக்கேஜ் இதை இழுத்து வந்தது என்று தெரியாவிட்டால் என்பிஎம்மின் 'எக்ஸ்ப்ளெய்ன்' கட்டளை முழுச் சங்கிலியையும் காட்டும்.

2. 'மாட்யூலைக் காணவில்லை.' பேக்கேஜ் நிறுவப்பட்டிருந்தும் சொந்தக் கோப்புக்கே இது வந்தால், பின்னொட்டு விடுபட்டிருக்கும். ரிக்வயர் தானே .ஜேஎஸ் ஒட்டிப் பார்க்கும். ஃபோல்டர் பெயர் கொடுத்தால் இன்டெக்ஸ் கோப்பைத் தேடும். நோட்டில் ஓடும் ஈஎஸ் மாட்யூலில் இந்தச் சலுகைகள் கிடையாது.

3. 'இந்தப் பெயரில் எக்ஸ்போர்ட் இல்லை, கேட்ட மாட்யூல் காமன்ஜேஎஸ்.' திசை தலைகீழ்: ஈஎஸ் கோப்பு காமன்ஜேஎஸ் பேக்கேஜை இம்போர்ட் செய்கிறது. இது அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் ஓட்டும் முன்பே பெயர்கள் தெரிய வேண்டும் என்பதால், நோட் அந்தக் கோப்பை ஓட்டாமல் மேலோட்டமாகப் படித்துப் பெயர்களை ஊகிக்கிறது. பெயர்கள் லூப்புக்குள்ளோ வேறு சுற்றுவழியிலோ சேர்க்கப்பட்டிருந்தால் ஊகம் தப்பும். முழுவதையும் டிஃபால்ட்டாக (மாட்யூலின் முதன்மை எக்ஸ்போர்ட்டாக) வாங்கி, அடுத்த வரியில் வேண்டிய பெயரைப் பிரித்தெடுங்கள்.

4. இரட்டை டிஃபால்ட். இம்போர்ட் செய்ததை அழைத்தால் 'இது ஃபங்ஷன் அல்ல' என்கிறது. அச்சிட்டுப் பார்த்தால் டிஃபால்டுக்குள் இன்னொரு டிஃபால்ட். வேடமிட்ட பேக்கேஜின் அடையாளம் இது. அதன் ஆசிரியர் எக்ஸ்போர்ட் டிஃபால்ட் என்று எழுத, கம்பைலர் அதை எக்ஸ்போர்ட்ஸ்.டிஃபால்ட் என்று ஆக்கியது. நோட்டோ மாட்யூல்.எக்ஸ்போர்ட்ஸ் முழுவதையும் டிஃபால்ட் என்று நீட்டுகிறது. அசிங்கமாக இருந்தாலும் இரண்டு முறை டிஃபால்ட் எழுதினால் வேலை நடக்கும்.

5. 'இந்தப் பாதை எக்ஸ்போர்ட்ஸில் வரையறுக்கப்படவில்லை.' இது வகைப் பிரச்சினை அல்ல, கதவுப் பிரச்சினை. பேக்கேஜ்.ஜேசனில் எக்ஸ்போர்ட்ஸ் ஃபீல்டு இருந்தால், அதில் பெயர் சொல்லாத உள்கோப்பு எதையும் வெளியார் தொட முடியாது. இம்போர்ட் என்ற நிபந்தனைக்கு (இம்போர்ட்டால் கேட்பவருக்கு) மட்டும் பாதை கொடுத்து, ரிக்வயர், டிஃபால்ட் இரண்டையும் விட்டுவிட்ட பேக்கேஜிலும் இதே பிழை வரும்.

டிர்நேம் இல்லை என்பதற்கு 20.11இலிருந்து இம்போர்ட்.மெட்டா.டிர்நேம் இருக்கிறது. ஈஎஸ் கோப்புக்குள் ரிக்வயர் வேண்டியே தீருமென்றால், நோட்டின் மாட்யூல் லைப்ரரியில் உள்ள 'கிரியேட் ரிக்வயர்' ஒன்றைச் செய்து தரும்.

## 2024க்குப் பிறகு பழசாகிப்போன அறிவுரைகள்

இணையத்தில் கிடைக்கும் விடைகளில் பெரும்பகுதி 2021, 2022இல் எழுதப்பட்டவை. அதன்பின் அடித்தளமே நகர்ந்துவிட்டது. மேல்மட்ட அவெய்ட் இல்லாத ஈஎஸ் மாட்யூலைக் கையோடு ஓட்டித் தருவதில் தடையேதும் இல்லை என்ற புரிதலில், 2024 ஏப்ரலில் நோட் 22 ஒரு ஃப்ளாக்கோடு அதை அனுமதித்தது. 2024 டிசம்பரில் 22.12இலும், 2025 மார்ச்சில் 20.19இலும் ஃப்ளாக் தேவையில்லாமல் ஆனது. அதாவது சாக் 5ஐ இன்று நேரடியாக ரிக்வயர் செய்யலாம். சங்கிலியில் எங்காவது மேல்மட்ட அவெய்ட் இருந்தால் மட்டும் வேறொரு பிழை வரும்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ரிக்வயர் திருப்பித் தருவது மாட்யூலின் பெயர்த் தொகுதியை. டிஃபால்ட்டை அதற்குள்ளிருந்து நாமே எடுக்க வேண்டும். டைப்ஸ்கிரிப்ட் கம்பைல் செய்த கோடு இதைத் தானே பார்த்துக்கொள்ளும்படி நோட் ஒரு அடையாளத்தையும் சேர்த்துத் தருகிறது. இரண்டாவது, இம்போர்ட் நிபந்தனைக்கு மட்டும் கதவு திறந்த பேக்கேஜுகளுக்கு இந்தப் புது வசதி உதவாது. ஐந்தாம் பிழையே அங்கே தொடரும்.

ஆகவே ரிக்வயர் பிழை வந்தால் முதலில் பார்க்க வேண்டியது நோட்டின் வெர்ஷன். உங்கள் மடிக்கணினியில் ஓடி சர்வரில் விழுகிறதென்றால் சர்வரில் பழைய நோட் இருக்க வாய்ப்பு அதிகம்.

நோட்டை உயர்த்த முடியாத ப்ராஜெக்டில் என்ன செய்வது? நான் முயலும் வரிசை இது:

1. அந்தப் பேக்கேஜ் தேவைதானா? நோட் 18இலிருந்து ஃபெட்ச் உள்ளேயே இருக்கிறது. நோட்-ஃபெட்ச் 3ஓடு மல்லுக்கட்டுபவர்களில் பலர் அதை நீக்கிவிட்டே போகலாம்.

2. பழைய பெரிய வெர்ஷனில் நிறுத்திவைப்பது. சாக் 4 போன்ற சிறு கருவியில் இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாதுகாப்பு சம்பந்தப்பட்ட பேக்கேஜில் மட்டும் இது தள்ளிப்போடும் வேலை.

3. டைனமிக் இம்போர்ட், கான்ஃபிக் அதைக் கெடுக்காது என்று உறுதிசெய்த பிறகு.

4. முழு ப்ராஜெக்டையும் ஈஎஸ்ஸுக்கு மாற்றுவது. சரியான முடிவுதான், ஆனால் ஒரு பிழையைத் தீர்ப்பதற்காக வெள்ளிக்கிழமை மாலை தொடங்கக் கூடாத வேலை.

## பேக்கேஜ் எழுதுபவர்களின் தரப்பு

இரண்டு தரப்பையும் திருப்திப்படுத்த, ஒரே பேக்கேஜில் இரண்டு வகைக் கோப்புகளையும் வைத்து எக்ஸ்போர்ட்ஸ் ஃபீல்டில் பிரித்துவிடுவது வழக்கம். அங்கே நிபந்தனைகளின் வரிசை முக்கியம். மேலிருந்து முதலில் பொருந்துவதே எடுக்கப்படும். டிஃபால்ட்டை முதலில் எழுதிவிட்டால் கீழே உள்ளவை வெறும் அலங்காரம். டைப்ஸ்கிரிப்டுக்கான டைப்ஸ் எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும்.

ஆனால் இந்த இரட்டை ஏற்பாட்டில் ஒரு பொறி உண்டு. ஒரே நிரலில் ஒருவர் இம்போர்ட் செய்து, அவர் பயன்படுத்தும் இன்னொரு லைப்ரரி ரிக்வயர் செய்தால், அந்தப் பேக்கேஜின் இரண்டு பிரதிகள் நினைவகத்தில் ஏறும். இரண்டிலும் அதே பெயரில் கிளாஸ் இருக்கும். ஒன்றில் செய்த ஆப்ஜெக்டை மற்றது தன்னுடையதில்லை என்று மறுக்கும். கிராஃப்கியூஎல் என்ற லைப்ரரியைப் பயன்படுத்துபவர்கள் 'வேறொரு மாட்யூலிலிருந்து வந்த ஸ்கீமாவைப் பயன்படுத்த முடியாது' என்ற பிழையைப் பார்த்திருப்பார்கள். பேக்கேஜ் ஒன்றுதான், வெர்ஷனும் ஒன்றுதான், ஆனால் பிரதி இரண்டு. நிலையை உள்ளே சேமித்துவைக்கும் பேக்கேஜில் இது இன்னும் மோசம்: பிழைச்செய்தியே வராது, ஒரு பக்கம் சேமித்தது மறுபக்கம் தெரியாமல் போகும்.

ரிக்வயர் இப்போது ஈஎஸ்ஸையும் ஏற்கிறது என்பதால், புதிதாக எழுதுபவர்கள் ஈஎஸ் மட்டும் வெளியிடுவது இந்தப் பொறியிலிருந்து நேரான விடுதலை. எக்ஸ்போர்ட்ஸில் பாதையை இம்போர்ட் நிபந்தனைக்குள் பூட்டாமல் டிஃபால்ட்டாகக் கொடுக்க வேண்டும், மேல்மட்ட அவெய்ட் எழுதக் கூடாது, பேக்கேஜ்.ஜேசனின் 'எஞ்சின்ஸ்' ஃபீல்டில் 20.19, 22.12 என்ற குறைந்தபட்ச வெர்ஷன்களைக் குறித்துவிட வேண்டும். பழைய நோட்டில் நிறுவுபவருக்கு, நள்ளிரவில் சர்வர் விழும்போது வருவதற்குப் பதில் நிறுவும்போதே எச்சரிக்கை வரும்.